வெந்நீர் ஒத்தடம்

"காலை இழுக்காதீங்க தம்பி," என்றபடி அண்ணி பாக்கியம் வெந்நீரில் பிழிந்த துணியைக் காத்தமுத்துவின் தொடையில் ஒற்றினாள்.

மந்தின் ரப்பர் தோட்டத்திலேயே அவன் உடம்புதான் உடம்பு என்பார்கள். அந்த உடம்பு இன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனது.

சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டு ஜப்பான்காரன் லாரியோடு வந்திருந்தான். காத்தமுத்துவால் குந்தவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

"வாதக் காய்ச்சலு போல. இவன் வேணாம்லா," என்ற தோட்டத்து மேற்பார்வை மண்டோர், அவனுக்குப் பதிலாக அவன் அண்ணனை லாரியில் ஏற்றிவிட்டார்.

அண்ணி விளக்கு எண்ணெயைச் சூடாக்கினாள். "அவரு வர்ற வரைக்கும் இந்த வீட்டுக்கு ஆம்பளை நீங்கதானே. ஆஸ்பத்திரி டிரஸர்கிட்ட மருந்து கேக்கவா?"

"வேணாம் அண்ணி. ரெண்டு மூணு நாள்ல தானாப் போயிடும்."

"அதெப்படித் தெரியும்?"

காத்தமுத்து சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து கசரத்துப் பயிற்சியை விட்டிருந்தவன், லாரி வரப்போகிறது என்று முந்தாநாள் காதில் விழுந்ததும், புகைக்கொட்டகைக்குப் பின்னால் போய், கால் மடங்கி விழும்வரை உட்கார்ந்து எழுந்து பஸ்கி எடுத்தான்.

"பாவம், ரொம்பக் கல்லா இறுகிக் கிடக்கு," என்று அண்ணி மிச்ச எண்ணெயையும் அவன் தொடையில் ஊற்றினாள்.