ஷேவந்தி அக்காவின் கிண்ணம்

“வந்துட்டாங்க பாருங்க, கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு,” என்று கணவன் தின்கரிடம் முணுமுணுத்தாள் வைஜயந்தி.

அடுத்த வீட்டு ஷேவந்தி செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நேராகச் சமையல் மூலைக்கு வந்தாள். பேச்சு வைஜயந்தியிடம், பார்வை சுவர்ப் பலகைகளில். மூன்று பலகை. கதவு கிடையாது, திரை கிடையாது. அரிசி, பருப்பு, அவல், சர்க்கரை எல்லாம் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக.

“உன் பலகையைப் பாத்தாலே வயிறு நெறைஞ்சுடுதுடி. மளிகைக்கடை தோத்துது போ. ஒரு கிண்ணம் துவரம்பருப்பு கொடு, நாளைக்குத் தந்துடறேன்.”

வைஜயந்தி சிரித்த முகமாகக் கொடுத்தாள். ஷேவந்தி போனதும் சிரிப்பும் போனது.

“இந்த வாரத்துல மூணாவது தடவை. பரேல்ல இருக்கிற கடையெல்லாம் மூடிட்டாங்களா? நம்ம ஜாடியை நோட்டம் விடத்தான் வர்றாங்க.”

“விடு. திருப்பிக் கொடுத்துடறாங்கள்ல?”

“அந்தக் கூத்து அதுக்கு மேல. வாங்கறது கிண்ணத்துல, தர்றது தூக்குச்சட்டி நெறைய. ‘அளவு மறந்துபோச்சு, வச்சுக்கோ’ன்னு ஒரு அலட்டல் வேற. எங்க வீட்டுல எவ்வளவு இருக்கு பாருன்னு பீத்திக்கறாங்க.”

தின்கர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவன் வேலை பார்த்த அச்சகம் மூடி நான்கு மாதம் ஆகிறது. ஒரே தாழ்வாரத்தில் பன்னிரண்டு குடித்தனம். ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பது வைஜயந்தியின் கட்டளை. அதனால் தினமும் அதே நேரத்துக்கு, அதே டப்பாவோடு வேலை தேடப் போவான்.

ஜாடிகளுக்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். நடுவில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி நிறுத்தி, சுற்றிலும் பருப்பைக் கொட்டிவிடுவாள். ஆறு பிடியில் ஜாடி கழுத்துவரை நிறைந்து நிற்கும். ஷேவந்தி கேட்டால் மட்டும், முதுகைக் காட்டி நின்று, சுருளை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்தபடி கிண்ணத்தில் சரித்துக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை தாதரில் ஓர் அச்சகத்தில் தின்கருக்கு வேலை கிடைத்தது.

அன்று சாயங்காலமே வைஜயந்தி பேடா வாங்கிக்கொண்டு ஷேவந்தி வீட்டுக்குப் போனாள். அங்கே கால் வைத்து நான்கு மாதம். உட்கார்ந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் கேள்வி வரும் என்று போகாமலே இருந்திருந்தாள்.

“அவரு வேற இடத்துக்கு மாறிட்டாரு அக்கா. சம்பளம் கொஞ்சம் கூட,” என்றாள்.

“ரொம்ப சந்தோஷம்டி. உட்காரு, டீ போடறேன்.”

ஷேவந்தி பலகையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை இறக்கித் திறந்தாள். வாய்வரை சர்க்கரை.

வைஜயந்தி அதையே பார்த்தாள். “காலையிலதானே துளிகூட சர்க்கரை இல்லேன்னு எங்கிட்ட வாங்கிட்டு வந்தீங்க?”

ஷேவந்தி சட்டென்று மூடியைப் போட்டாள். போட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் சிரித்துவிட்டாள்.

“தினம் ரெண்டு வேளை சமைக்கிற வீடு. நாலு மாசமா ஜாடியில பருப்பு ஒரு விரக்கடைகூட எறங்கல. எனக்கு இன்னும் கண்ணு நல்லாத்தான் தெரியுது.”

வைஜயந்திக்கு முகம் சுட்டது. “தெரிஞ்சுமா அக்கா எங்கிட்ட வந்து கேட்டீங்க?”

“சும்மா கொண்டுவந்து கொடுத்திருந்தா நீ தொட்டிருப்பியா?” ஷேவந்தி அடுப்பில் தண்ணீரை வைத்தாள். “நான் வாங்கினாத்தானேடி உனக்குத் திருப்பித் தர முடியும்.”