உறுத்தும் தையல்

"தோலு வெங்காயச் சருகாட்டம் இருக்கு. ஒரு தையல் பட்டாலே செவந்துரும்மா" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகளுக்காக, ஜெசிந்தா வீட்டில் பழைய சேலைத் துண்டுகளை இணைத்துப் போர்வை தைத்தாள். ஒவ்வொரு தையலின் ஓரங்களையும் விரித்து, உள்ளங்கையளவு இஸ்திரிப்பெட்டியால் அழுத்துவாள். விரல்நுனிகள் சூடுபட்டு மரத்துவிட்டதால், துணியை மூடிய இமைமேல் நகர்த்தித்தான் தையல் படிந்துவிட்டதா என்று பார்ப்பாள். பதினோராம் நாள் போர்வை முடிந்தது. அன்றுதான் பிள்ளையை, மூச்சு நின்றபின், பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள். கணவன் சகாயம் வந்து கதவருகே நின்றான். "போர்வையக் குடு ஜெசி. சுத்திக் கொண்டு போவணும். கல்லறைல சாமியார் காத்துட்டிருக்காரு." அவள் நிமிரவில்லை. "இந்த ஒரு தையல் மட்டும் மேடா இருக்குங்க. பிள்ளைக்கு உறுத்தும்." அவன் போர்வையை வாங்கி, கண்ணை மூடி, அவள் காட்டிய இடத்தை இமைமேல் வைத்து மெல்ல நகர்த்தினான். எதுவும் தட்டுப்படவில்லை. இன்னொரு முறையும் நகர்த்தினான். "ஆமா, உறுத்தத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போயிருந்த இஸ்திரிப்பெட்டிக்கு சுவிட்சைப் போட்டான்.