ஜுரம் வந்த பிள்ளையார்

பிள்ளையாரின் முதுகைத் தடவிப் பார்த்த வீராசாமி, சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார். "இன்னாம்மா, சாமிக்கு ஜுரமா?"

நாகவல்லி அவசரமாகச் சூடத்தட்டைக் கையில் எடுத்தாள். ரேடியோ லைசென்ஸ் இன்ஸ்பெக்டரான இவர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, நேரே சாமி மாடத்துக்கே வந்து நிற்பார் என்று யார் கண்டது?

"இப்பதான் சூடம் காட்னேன் சார். அந்தச் சூடு."

"சூடத்த முன்னாலதானே காட்டுவாங்க? முதுவு இல்ல சுடுது!"

சென்னீர்குப்பத்தில் அந்தப் பிள்ளையாரைத் தெரியாதவர் கிடையாது. புருஷன் வேம்புலி வேலை செய்யும் பூந்தமல்லி ரேடியோக் கடையில் தூக்கிப் போட்டதையெல்லாம் முந்தானையில் அள்ளிவந்து, நாகவல்லி தன் கையால் செய்தது. எரிந்துபோன வால்வுகள் கண்கள். கிழிந்த ஸ்பீக்கர் தொந்தி, டயல் கண்ணாடி கிரீடம். செம்புக் கம்பியை முறுக்கி முறுக்கித் துதிக்கை.

போன மழைக்காலத்தில் வேம்புலி தொந்திக்குள் என்னவோ நோண்டப்போக, பிள்ளையார் பாட ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து சாயங்காலமானால் தெருவே கும்பிட வருகிறது. சினிமாப் பாட்டு நேரத்தில் பக்தி முற்றிவிடும்.

"குப்பையில செஞ்ச சாமிக்கு இன்னாத்துக்கு லைசென்ஸு?" என்று வேம்புலி அப்போதே தட்டிக்கழித்துவிட்டான். இப்போது சைக்கிள் மணி கேட்டு, தொந்திக்குள் இருக்கும் ரேடியோவை அவசரமாக அணைத்தும், சூடு ஆறவில்லை. லைசென்ஸ் இல்லாத ரேடியோவுக்கு அபராதம் போட்டால் கிடக்கட்டும். இந்த மனுஷன் பிள்ளையாரையே கேரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டால்?

"எல்லாம் செத்த சாமான் சார்," என்றான் பக்கத்தில் நின்ற வேம்புலி. "இவ பொம்மை செய்வா. அவ்ளோதான்."

"முதுவுலேர்ந்து ஒரு ஒயரு போவுதே. ரேடியோ ஏரியல் மாதிரி கீது?"

"பூணூல் சார்."

"பூணூலு சன்னல் வழியாப் போயி, தென்னமரத்துல இல்ல கட்டிக்கீது?"

வேம்புலி பெண்டாட்டியைப் பார்த்தான். அவள்தான் சமாளித்தாள். "மிச்சத்துல துணி காயப்போடுறேன் சார்."

வீராசாமி சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவளுடைய ஈரப்புடவை சொட்டிக்கொண்டிருந்தது.

"அதுல ஈரத்துணி போடாதம்மா. கரகரங்கும்."

நாகவல்லி சரி சரியென்று தலையாட்டினாள். எது கரகரக்கும் என்று யோசிக்கிற நிலையிலா இருந்தாள்?

அவர் குனிந்து, துதிக்கை தொந்தியில் சேரும் இடத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமிதான் கீது, ரேடியோ இல்ல. ஆபீசுல அப்டியே சொல்லிடறேன்."

நாகவல்லி ஓடிப்போய் ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். மனசுக்குள் ஒரே சிரிப்பு. இவ்வளவு படித்த மனுஷன், இப்படி ஏமாறுகிறானே!

வாசல்படி தாண்டிய வீராசாமி திரும்பி வந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குப் பெரிய ஆபீசர் வராரு. பூணூல அவுத்து உள்ளார சுத்தி வெச்சிரு."

நாகவல்லி சட்டென்று சன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "சார்... உங்களுக்கு எப்படி..."

"எங்க ஊட்ல முருகரும்மா. வேலுதான் ஏரியலு."