பெட்டியோடு ஒரு வெருட்டு

அன்று மாலையும் புனிதவதி தொலைபேசியில் பானுஜனோடு வடகொரியாவைப் பற்றிக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுவிஸின் லோசான் நகரப் பிரெஞ்சு வகுப்பில் பானுஜன் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரன். கணவன் இராஜேந்திரனுக்கு வயிறு எரிந்தது.

“நான் போறன். நீ அவனோடயே கதைச்சுக்கொண்டிரு!” பெரிய பெட்டியை மூச்சு வாங்க வாசலுக்கு இழுத்தான்.

அவள் திரும்பவில்லை. “அந்தச் சின்ன நாட்டால உண்மையாவே ஆபத்தோ, தம்பி?”

ஸ்பீக்கரில் பானுஜன் சொன்னான்: “சும்மா பயங்காட்டுற வெருட்டுத்தான் அக்கா. ஒருத்தரும் தங்களைப் பாக்கேல்லை எண்டால் ஏவுகணை விடுவினம்.”

புனிதவதி எழுந்து வந்து பெட்டியைச் சுண்டுவிரலால் தூக்கினாள். உள்ளே வெறும் காற்று.

“விளங்குது. பிறகு எடுக்கிறன்.” தொலைபேசியை வைத்தாள். “வந்து இருங்கோப்பா. ஜெனீவாவுக்குப் போகாமல், இஞ்சயே தேத்தண்ணியோட பேச்சுவார்த்தை வைப்பம்.”

“சீனி ரெண்டு கரண்டி,” என்று நிபந்தனை விதித்தது அந்தச் சின்ன நாடு.