எட்டு வெண்கலக் கத்திகள்

"எட்டுக் கத்தி வேணுங்ணா. எல்லாமே வெண்கலத்துல."

கோயில் மணியும் சர்ச் மணியும் வார்த்தே தலை நரைத்தவர் நாமக்கல் முருகானந்தம். வெண்கலத்தில் கத்தி கேட்டு அவர் பட்டறைக்கு வந்த முதல் பெண் இந்த ஆன்சிதான்.

"கத்தின்னா இரும்புதான் அம்மிணி. போன வருசம் ராசா நாடகத்துக்கு ஒரு வெண்கல வாள் வார்த்தேன். ரெண்டு அடி அடிச்சாங்க, வளைஞ்சுபோச்சு. இரும்பு வந்ததும் நெசமான ராசாக்களே இதைத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"வெள்ளீயத்தை அளவாப் போட்டு, முனையத் தட்டி இறுக்கிக் குடுங்க. மழுங்குனா தீட்டிக்கறோம்."

எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்!

வளைந்த அந்த வாள் மூலையில் கிடந்தது. ஆன்சி அதை எடுத்துச் சுற்றும் சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தாள். கண் இமைக்காமல் பார்த்தாள். பிறகு திருப்தியாகத் தலையாட்டினாள்.

முருகானந்தம் சக்கரத்தை நிறுத்தினார். இவள் புருஷன் செபஸ்தியான், சென்னியப்பனிடம் வேலை பார்க்கும்போது விபத்தில் செத்துப்போனவன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சென்னியப்பனோ கசங்காத வெள்ளைச் சட்டையில் காரில் போய்க்கொண்டிருக்கிறார். யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

"எட்டு எதுக்கு? ஆள் சேத்துட்டியா?"

"ஆமாங்க. எல்லாம் பொம்பளைங்கதான்."

"எப்போ?"

"திங்கக்கிழமை காலையில. சென்னியப்பன் கொட்டகைக்குள்ளயே."

முருகானந்தம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் ரெண்டு புள்ளைங்களை நெனச்சுப் பாரு சாமி. நான் வார்க்க மாட்டேன்."

"அதுங்களை நெனச்சுத்தாங்ணா வந்தேன். நீங்க இல்லீன்னா வேற பட்டறை. வெண்கலக் கத்தி இல்லாம அந்தக் கொட்டகைக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"அந்த ஆளைக் குத்தறதுக்கு வெண்கலம் எதுக்கு அம்மிணி?" என்று கத்தியேவிட்டார்.

"குத்தறதா?" ஆன்சி திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். "எங்க ஊட்டுக்காரரு பட்டாசுத் திரி நறுக்குனது இரும்புக் கத்தியிலங்ணா, தெறிச்ச ஒரே பொறியில போயிட்டாரு. திங்கக்கிழமை அதே எடத்துல திரி நறுக்க நாங்க எட்டுப் பேரு உக்காரப் போறோம்... இந்த வெண்கலத்துல எவ்வளவு உரசியும் ஒரு பொறிகூடப் பறக்கலீங்களே!"