குழாயில் ஏறிய ரத்தம்

கல்யாணத்துக்கு முன்பிருந்தே செண்பகவல்லியின் காதுக்குள் ஒரு குரல் குடியிருந்தது. ஆண் குரல். அவள் சோறு பிசைந்தால், "வெசம்ட்டி, திங்காத" என்பான். கண்ணாடி பார்த்தால் சிரிப்பான். மாத்திரை போட்டால் உறங்குவான். விழித்ததும் வட்டியும் முதலுமாக ஏசுவான்.

ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் மெர்லின் அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

"இது எதுக்கும்மா?"

"இந்த நோய்க்கு மரபணுவுல எங்க வேர் இருக்குன்னு தேடுறோம்க்கா. ஒரே நாள்ல தெரியாது. நிறையப் பேரு ரத்தம் வேணும்."

ஊசி இறங்கியது. கண்ணாடிக் குழாயில் ரத்தம் கருஞ்சிவப்பாக ஏறியது. காதுக்குள் ஏச்சு பாதியில் நின்றது.

"அதுல நான் தெரிவேனா?" என்றான்.

இத்தனை காலத்தில் அவளை ஏவியிருக்கிறான், வைதிருக்கிறான். அவளிடம் எதையும் கேட்டதில்லை.

"வேண்டாம் தாயி. எந்திரி, வீட்டுக்குப் போயிருவோம்."

குரல் நடுங்கியது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு பொங்கியது. அந்த அறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"என்னக்கா, வலிக்குதா?" என்று பதறினாள் மெர்லின்.

"எனக்கு இல்லம்மா" என்று சொல்லி, மறு கையையும் நீட்டினாள். "இன்னொரு குழாய் எடுத்துக்கிடுங்க."