தண்ணி ஊத்தாதீங்கண்ணே

"சார், ஒண்ணு அவளை வேலையை உட்டு நிறுத்துங்க. இல்லீன்னா நாளையிலிருந்து நான் வரலீங்க."

மேனேஜர் பிரபாகர் சேரை உட்டே எந்திரிச்சுட்டாரு. பின்ன? சொல்றது கலர் மாஸ்டர் சுப்பண்ணன். அந்த சாயப்பட்டறைல அவரு வரலீன்னா பனியன் அத்தனையும் வெள்ளையாத்தான் கப்பலேறும்.

"யாரைங்க மாஸ்டர்?"

"அதா நிக்கறா பாருங்க. கக்கூஸ் கழுவ வந்தவ, ஆம்பளைங்க ஒண்ணுக்கு இருந்துட்டு வந்தா உள்ள பூந்து எட்டிப் பாக்கறா!"

கதவோரமா கருத்தம்மா. ஒரு கைல வெளக்கமாறு, இன்னொரு கைல பச்சை மக். தலை நிமிரவே இல்லை.

அதுக்குள்ள வாசல்ல கூட்டம் சேந்துருச்சு. மெஷின் ஓட்டற நிதிஷுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஊருல எல்லாம் தண்ணி ஊத்தலீன்னா திட்டுவாங்க சார். இந்தக்கா ஊத்துனா திட்டுதுங்க!"

அது நெசம்தான். உள்ள போற ஒவ்வொருத்தர்கிட்டயும், "தண்ணி ஊத்தாதீங்கண்ணே, நான் ஊத்திக்கிறேன்"னு சொல்லுவா. ஆள் வெளிய வந்ததும் உள்ள போயிருவா. மத்தவங்க சிரிச்சுட்டுப் போயிருவாங்க. சுப்பண்ணன் மட்டும் வீம்புக்குன்னே மொண்டு மொண்டு ஊத்திட்டு வருவாரு.

இன்னைக்கு உள்ள மக்கையே காணோம். வெளிய வந்து பாத்தா அவ கைல இருக்குது. அவரு கத்தக் கத்த, காதுல வாங்காம உள்ள போய்ப் பாத்துட்டு வந்தா. வந்தவ மூஞ்சில ரத்தமே இல்லை. அப்படியே ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு.

"ஏம்மா, என்ன அசிங்கம் இது? உள்ள போய் என்னத்தப் பாக்கறே?" மேனேஜர் சீறுனாரு.

"கலரு பாக்குறேன் சார்."

கொல்லுனு சிரிப்பு.

"மாஸ்டர், உங்க சீட்டு போச்சுங்க! உங்களுக்கே கலர் செக் பண்ண ஆள் வந்தாச்சு!" நிதிஷ் கை தட்டுனான்.

கருத்தம்மா சிரிப்பு அடங்கற வரைக்கும் நின்னா.

"எங்க வீட்டுக்காரரு மூக்கையாவும் இந்த வேலைதேன் சார். வேற பட்டறை. கலர் பவுடரை எடை போட்டுக் கரைச்சு விடுவாரு. கலியாணத்துக்கு முன்னாடி இருந்தே அதேன் பொழப்பு. ஒருநா ஒண்ணுக்கு செவப்பாப் போகுதுன்னாரு. நான் பயந்தேன். 'அட கிறுக்கி, மூக்கைச் சிந்துனா நீலம், காறித் துப்புனா மஞ்சள். இப்ப பட்டறைல செவப்புத் துணி, ரெட்டு லாட் ஓடுது, அதேன் செவப்பு'ன்னு சிரிச்சாரு. நானும் சேந்து சிரிச்சேன். வலியில்ல, எரிச்சலில்ல. ரெண்டு நா வரும், தன்னால நின்னுரும்."

"அப்புறம்?" மேனேஜர் உக்காந்துட்டாரு.

"தீவாளி லீவுக்கு ஊருக்குப் போனோம். சாயத்தைக் கண்ணால பாக்கலை. அங்கயும் செவப்பாத்தேன் போச்சு. ரத்தம் சார்."

வாசல்ல ஒருத்தரும் சிரிக்கலை.

"டாக்டர் மொதல்ல கேட்டதே, என்ன வேலை பாக்குறாருன்னுதேன். சாயப்பட்டறைன்னேன். மூத்திரப்பைல புத்துநோய், வருசக்கணக்கா சாயப்பவுடர்ல கெடக்குறவுகளுக்கு வர்ற வாய்ப்பு அதிகம்னாரு. மொதல்தடவ செவப்பாப் போனப்பவே வந்திருந்தா காப்பாத்தப் பாத்திருக்கலாமாம். நாங்க சிரிச்சுக்கிட்டு இருந்துட்டோம் சார்."

"இதை வாய் தொறந்து சொல்லியிருக்கலாமில்லம்மா?" மேனேஜர் கேட்டாரு.

"பொம்பளை போய் ஆம்பளைகட்ட, உங்களுக்கு என்ன கலர்ல போகுதுன்னு எப்படி சார் கேக்க? கேட்டாலும் எங்க வீட்டுக்காரர் மாதிரித்தேன் சிரிச்சிருப்பாக."

சுப்பண்ணன் தொண்டையைச் செருமுனாரு.

"பாவந்தான், இல்லீங்கலை. அதுக்காக எல்லாத்தையும் நோயின்னு சொல்லீர முடியுமா? எனக்குந்தான் அப்பப்ப செவப்பாப் போகுது. கலர் ரூம்லயே கெடக்கறவனுக்குப் போகாம, டீக்கடைக்காரனுக்கா போகும்?"

அவரு சிரிச்சாரு. கூடச் சிரிக்க ஆளில்லை.

"அண்ணே," கருத்தம்மா மெதுவாத்தான் கேட்டா. "ரெட்டு லாட் கடைசியா எப்ப ஓட்டுனீக?"

"அது…"

வெரலை மடக்கி நாள் எண்ணிப் பாத்தாரு.

நிதிஷ்தான் முணுமுணுத்தான். "இந்த மாசம் பூராவும் நேவி ப்ளூதானுங்க மாஸ்டர் ஓடுது."

சுப்பண்ணன் குனிஞ்சு தன்னோட கையைப் பாத்தாரு. ஆடிட்டுக்கு ஆள் வர்றப்ப மட்டும் கிளவுஸு, மத்த நாளெல்லாம் வெறுங்கை. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் நீலம். செவப்பு ஒரு பொட்டு இல்லை.

மேனேஜர் திரும்பி அலமாரியைப் பாத்தாரு. அடுத்த ஆடிட்டுக்கு வாங்குன கிளவுஸு பொட்டி, பிரிக்காம அப்படியே இருந்துச்சு.

"சார்…" சுப்பண்ணனோட சத்தம் உள்ள போயிருச்சு. "நாளைக்கு நான் வரலீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

வாசலைத் தாண்டுனவரு நின்னு திரும்புனாரு.

"அந்தம்மா வரட்டுங்க."